இன்னும் ஒரு துணுக்கு

"குழாயை உருவிடாதீங்க சார்," என்றபடி எண்டோஸ்கோபி அறைக்குள் பாய்ந்தாள் ஷெரீபா. லேபில் திசுக்களைச் சோதிக்கும் டாக்டர் அவள். இன்பவல்லியின் ரத்தப் பரிசோதனைத் தாளோடு மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறியிருந்தாள்.

இன்பவல்லி தொண்டைக்குள் குழாயோடு படுத்திருந்தாள். ஒரு வருடம் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் அவளுக்கு ரத்தம் ஊறவில்லை. "எல்லாத்தையும் ஜன்னல் வழியா வீசியிருப்பா," என்று வராண்டாவில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான் புருஷன். இன்றும் ஒன்றும் அகப்படாவிட்டால் அந்தப் பழி நிலைத்துவிடும்.

"இரைப்பையோட அடியில ரெண்டு சதைத் துணுக்கு எடுத்தாச்சும்மா. போதும்," என்றார் டாக்டர் குலசேகரன்.

"மேலேயும் எடுங்க. அமிலம் சுரக்கிறது அங்கதான்."

"பார்க்க நல்லாத்தானே இருக்கு?"

"எடுங்க சார்."

முறைத்துக்கொண்டே எடுத்தார்.

மறுநாள் லேபுக்கு வந்து மைக்ராஸ்கோப்பில் கண் வைத்த குலசேகரன் நிமிரவே இல்லை. வெளியிலிருந்து வந்த கிருமி எதுவும் அங்கே இல்லை. இன்பவல்லியின் சொந்தக் காவல் அணுக்களே அமிலச் சுரப்பிகளைச் சூழ்ந்து தின்றுகொண்டிருந்தன.

"பாதிக்கு மேல சுரப்பி இன்னும் உயிரோட இருக்கு சார். ஆரம்பத்துலயே பிடிச்சுட்டோம்." ஷெரீபாவின் குரல் துள்ளியது. "மாத்திரையை அவ வீசலை. அமிலம் குறைஞ்சதால உடம்பு அதை எடுத்துக்கலை."

"தாளைப் பார்த்ததுமே உனக்கு எப்படிம்மா தோணுச்சு?"

"எனக்கும் இதே வியாதிதான் சார். கண்டுபிடிக்க ஒன்பது வருஷம் ஆச்சு. காலேஜ்ல படிக்கிறப்ப முதல்முதலா குழாய் விட்டுப் பார்த்து, ஒண்ணுமில்லை, ஒழுங்கா சாப்பிடும்மான்னு அனுப்பி வச்சது நீங்கதான்."