கற்றுக்குட்டி வாங்கிய விமானம்

ஒரு கொட்டகையில் இரண்டே இருக்கை கொண்ட பழைய விமானம் ஒன்று நின்றிருந்தது. அதன் இன்ஜினுக்குள் ஒரு மைனா கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தது.

அந்த விமானத்தை ஜெசிந்தா வாங்கினாள். அவள் இன்னும் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தவள்.

"போச்சு அண்ணே, கற்றுக்குட்டி கையில மாட்டிக்கிட்டீங்க," என்றது மைனா விமானத்திடம்.

விமானத்தின் கவலை வேறு. பழைய முதலாளி கைதேர்ந்தவர். வருவார், ஏறுவார், கிளப்புவார். எதையும் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார். இவளும் அப்படிக் கிளப்பினால் குஞ்சுகள் கருகிவிடும், தானும் தீப்பிடிக்கும். மனிதர் காதில் விழும்படி அதைச் சொல்ல வழியில்லை.

ஆனால் ஜெசிந்தா ஏறவில்லை. வகுப்பில் சொன்னபடி இறக்கையைத் தடவினாள், டயரை அழுத்தினாள், டார்ச் அடித்து இன்ஜினுக்குள் எட்டிப் பார்த்தாள். நான்கு குட்டி வாய்கள் இரை கேட்டுத் திறந்தன.

"ஐயோ, மன்னிச்சிடுங்க," என்று டார்ச்சை அணைத்தாள்.

குஞ்சுகள் பறந்துபோகும்வரை அவள் இன்ஜினைத் தொடவில்லை. தினமும் வந்து இறக்கையை மட்டும் துடைத்துவிட்டுப் போனாள். யாரோ தனக்குத் தலை வாரிவிடுவதுபோல் விமானத்துக்கு இருந்தது.

பிறகு ஒரு காலை, பயிற்சியாளரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அதைப் பறக்கவிட்டாள். இறங்கும்போது விமானம் தரையில் மோதிக் குதித்தது, மறுபடியும் குதித்தது, ஒருவழியாக நின்றது.

மைனா பதறிப் பறந்து வந்தது. "என் மூத்தவனும் முதல் நாள் இப்படித்தான் விழுந்தான். பலமான அடியா அண்ணே?"

விமானத்துக்குச் சக்கரமெல்லாம் வலித்தது.

"யாரு விழுந்தா?" என்றது. "நாங்க இறங்கினோம்."