நாற்பதில் ஒன்பது நாள்

"ஏப்ரல் 9. பெட்ரோல் போட்ட நேரத்தைக் குறிக்க மறந்துவிட்டேன். என் தவறுதான்."

அன்றன்றைய தவறுகளை ஒப்புக்கொண்டு எழுதச் சொல்லித்தந்த மாலை வகுப்பில் பழகியபடி எழுதி முடித்து, இளைய மருமகன் நாட்குறிப்பை மூடினான்.

விடுதிக் கட்டிலில் மாமனார் காலை நீட்டியிருந்தார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. மறைந்த மாமியாரின் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இருவரும் நாட்டைக் குறுக்கே கடக்கக் கிளம்பி ஒன்பது நாளாகிறது.

"இன்னிக்கு டிராக்டர்கூட நம்மளை முந்திடுச்சு மாப்பிள்ளை!"

"மன்னிச்சுக்குங்க மாமா."

"அட, எதுக்கு? பெரிய மாப்பிள்ளை ஓட்டினா உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காரணும். நீங்க நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டலையே! உங்க அத்தையும் இப்படித்தான், ரசிச்சு ஓட்டுவா. இந்த ஒன்பது நாளும் அவ பக்கத்துலயே உக்காந்திருந்த மாதிரி இருக்கு."

சாவியை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார்.

"இனிமே வண்டி உங்களுக்குத்தான். பெரிய மாப்பிள்ளை கோவிச்சா நான் பாத்துக்கிறேன்."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. மாமனார் குளிக்கப் போனதும் நாட்குறிப்பை மறுபடி திறந்தான்.

"நாளை காலை முதல் வேலை: சாவியைத் திருப்பிக் கொடுத்து, இந்த வண்டியில் மூன்றாவது கியருக்கு மேல் எனக்குப் போடத் தெரியவில்லை என்று மாமாவிடம் சொல்ல வேண்டும்."