பலராமனைக் காப்பாற்றிய கதை

சிகரெட் உதட்டுக்கு வந்துவிட்டது. தீக்குச்சியை உரச வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் போன் அடித்தது.

லூர்துபிரகாஷ் பெரிய மார்க்கெட்டின் பின்பக்கச் சுவரோரம் நின்றிருந்தார். வாங்க வந்தது வஞ்சிரம். வாங்கியது ஒரே ஒரு சிகரெட்.

முப்பத்தெட்டு நாளாக வாயில் வைக்காத மனிதர். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. இனி ஒன்று பிடித்தாலும், மகள் மெரின் கல்யாணத்துக்கு அப்பா மாலை போட்ட போட்டோவாகத்தான் வருவார் என்று சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

போனில் பலராமன். ஆட்டோக்காரர்.

“சார், முடியல சார். கையெல்லாம் நடுங்குது. பெட்டிக்கட முன்னாலதான் நிக்கிறேன்.”

“வாங்கிடாத! ஒரு அடி பின்னால வா!” என்று கத்தினார் லூர்துபிரகாஷ். கத்தியதில் வாயிலிருந்த சிகரெட் விழப்பார்த்தது. பிடித்துக்கொண்டார்.

இருவரும் பழக்கமானது ஆஸ்பத்திரியில், புகைப் பழக்கத்தை விட வருகிறவர்களின் பெஞ்சில். ஆளுக்கொரு துணை பிடித்துக்கொள்ளுங்கள், ஆசை வந்தால் அவருக்குப் போன் பண்ணுங்கள் என்றாள் நர்ஸ். லூர்துபிரகாஷ் பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்தார். அந்த ஆள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாவம், கூச்சம். அவருக்குத் தைரியம் சொல்லித் துணையாக்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து பலராமன் தினம் மூன்று முறை கூப்பிடுவார். காலை டிபன் முடிந்ததும், மதியம் சாப்பிட்டதும், சாயங்காலம் டீ குடித்ததும். என்ன பொருத்தம் பாருங்கள், லூர்துபிரகாஷுக்கும் அதே நேரத்தில்தான் நாக்கு ஊறும்.

ஆனால் அவர் ஒரு நாளும் பலராமனைக் கூப்பிட்டதில்லை. சர்ச்சின் அன்பியக் கூட்டத்தில் ஜெபம் முடிந்த பிறகும் அரைமணி நேரம் பேசுகிறவர், பங்குச் சாமியாரே கடிகாரத்தைப் பார்க்கும்படி பேசுகிறவர், ஒரு ஆட்டோக்காரரிடம் போய்ப் புத்தி கேட்பாரா? ஊருக்கு உபதேசம் என்று மனைவி வேளாங்கண்ணி அவருக்குப் பட்டப்பெயரே வைத்திருந்தாள்.

இன்று பலராமன் கூப்பிட முக்கால் மணி நேரம் தாமதம். அந்த முக்கால் மணி நேரத்தில்தான் சிகரெட் வாங்கியாயிற்று.

“நாலே நாலு நிமிஷம்டா பலராமா. அந்த ஆசைக்கு ஆயுசே அவ்ளோதான். தண்ணி குடி. கிராம்பு இருந்தா வாயில போட்டுக்க. பொண்டாட்டி முகத்த நெனச்சிக்க.”

சொல்லிக்கொண்டே தன் கையைப் பார்த்தார். நல்லவேளை, வீடியோ கால் இல்லை. வெட்கம் பிடுங்கியது. வெட்கத்தை மறைக்க இன்னும் உருக்கமாகப் பேசினார். நுரையீரலைப் பற்றிச் சொன்னார். பெற்ற பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். மெரின் கல்யாணத்தைப் பற்றியும் சொன்னார்.

“போயிடுச்சி சார்” என்றார் பலராமன். “நீங்க நல்லாயிருக்கணும்.”

போனை வைத்தபோது சிகரெட் விரல்களுக்குள் நசுங்கித் தூளாகியிருந்தது. லூர்துபிரகாஷுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறோம்! யாரிடமாவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

பலராமன் மனைவி சின்னப்பாப்பா இதே மார்க்கெட்டில் மணிக்கூண்டுப் பக்கம் கீரை விற்கிறாள் என்று கேள்வி. விசாரித்துக்கொண்டு போய் அவள் எதிரே நின்றார்.

“நான்தாம்மா லூர்துபிரகாஷ். உன் புருஷன் இப்பத்தான் சிகரெட்ட தொடப்போனாரு. தடுத்துட்டேன். நீ கவலப்படாத.”

கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

“நீங்கதான் அந்த சாரா! எங்க வீட்டுக்காரு எங்க சார் சிகரெட் குடிச்சாரு? ஊதுவத்தி கொளுத்தினாலே இருமுவாரு.”

லூர்துபிரகாஷ் சிரித்தார். பெண்டாட்டிக்குத் தெரியாமல் குடித்திருக்கிறான் பயல்.

அவள் சிரிக்கவில்லை. “அன்னிக்கி எனக்குக் கண்ணு பாக்க வந்தோம். எங்க பக்கம் எடமில்லன்னு அந்தப் பெஞ்சில போயி ஒக்காந்தாரு. நீங்க அவரு கையப் புடிச்சிக்கினு, பொண்ணு கல்யாணத்தப் பாக்காம செத்துடுவேன்னு அப்பிடி அழுதீங்களாமே. எழுந்து வர மனசு வரலன்னாரு.”

லூர்துபிரகாஷ் ஒரு கீரைக்கட்டை எடுத்து, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

“எப்பெப்ப ஆச வரும்னு நீங்களே சொன்னீங்களாம். போன்ல அலாரம் வெச்சிருக்காரு. எந்தச் சவாரியா இருந்தாலும் ஓரங்கட்டிட்டுப் பேசுவாரு. இன்னிக்கிப் புள்ளத்தாச்சிய ஏத்திக்கினு போனாராம், நிறுத்த முடியல. சாரு என்ன ஆனாரோன்னு எனக்குப் போன் போட்டுப் பொலம்பிட்டாரு.”

லூர்துபிரகாஷ் மனதுக்குள் கணக்குப் போட்டார். முப்பத்தெட்டு நாள், நாளைக்கு மூன்று வேளை. நாசமாய்ப் போக, புகையே ஆகாத ஒருவனுக்கு நுரையீரல் பாடம் எடுத்திருக்கிறார்! அவனும் ‘ஆமா சார், ஆமா சார்’ என்று கேட்டிருக்கிறான். கோபம் வந்தது. இப்போதே அவனைக் கூப்பிட்டுக் கிழிகிழியென்று கிழிக்க வேண்டும் போல இருந்தது.

அவர் முகம் போன போக்கைப் பார்த்துச் சின்னப்பாப்பா பயந்துவிட்டாள். “கோச்சிக்காதீங்க சார். நான் வேணா போன் போட்டுத் தரேன், நீங்களே பேசுங்க” என்று இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

லூர்துபிரகாஷ் பதறிப்போய் அவள் கையைத் தடுத்தார்.

“வேணாம்மா, வேணாம். நான் வந்ததையே சொல்லிடாத. எனக்குத் தெரிஞ்சிடுச்சின்னு தெரிஞ்சா கூப்புடுறத நிறுத்திடுவாரு. மத்தியானம் சாப்ட்டதும் நான் என்னாம்மா பண்ணுவேன்?”