ஜன்னல் பக்கம் வந்த அப்பா

மகனைத் தனி அறையில் விட்டதிலிருந்து அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மகன் வேலை பார்க்கும் அச்சகத்தில் ஆளாளுக்கு இருமிக்கொண்டிருந்தார்கள். அவனும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். சளிக்காய்ச்சல்தான், ஆனால் சட்டென்று ஒட்டிக்கொள்ளும், யாரோடும் சேராமல் இரு என்று டாக்டர் சொல்லியனுப்பினார்.

தனிக் குளியலறையும் பெரிய ஜன்னலும் உள்ள அறை அந்த வீட்டில் ஒன்றுதான். அது அப்பாவுடையது.

அப்பாவுக்கு இதய ஆபரேஷன் முடிந்து தையல்கூடச் சரியாக ஆறவில்லை. சர்க்கரை வேறு. இவருக்கு மட்டும் ஒட்டிவிட்டால் தாங்க மாட்டார் என்று மருமகள் அன்றே அவரைக் கூடத்துக்கு மாற்றினாள். ஒரே ஒரு தடவை உள்ளே போய் வருகிறேன் என்று அவர் கெஞ்சினார். என்ன வேண்டும், நான் எடுத்துத் தருகிறேன் என்றாள். ஒன்றுமில்லை என்றார்.

மருமகள் கறாரானவள். வீட்டில் ஒரு ஜன்னலையும் மூட விடமாட்டாள். சாப்பாடு அறை வாசலில் ஸ்டூலில் இருக்கும். அவள் நகர்ந்த பிறகுதான் கணவன் கதவைத் திறக்க வேண்டும். அவன் தட்டுக்குத் தனி சோப்பு, தனி வாளி.

அப்பாவிடம்தான் அவள் பாச்சா பலிக்கவில்லை. கண் அசந்தால் போதும், கதவருகே போய் நின்றுவிடுவார்.

"தூங்கிட்டியாடா?"

இல்லை என்று பதில் வந்தால் முகம் தொங்கிப்போகும்.

மகன் வளர்ந்த பிறகு அவனோடு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனிதர். அம்மா உருகிப்போனாள். நெஞ்சைத் திறந்து பார்த்ததில் டாக்டர் எதையோ சரிசெய்துவிட்டார் என்று மருமகளிடம் சொன்னாள்.

இன்று பெண்கள் இருவரும் துணி உலர்த்த மாடிக்குப் போனார்கள். அப்பா மாஸ்க்குக்கு மேல் மாஸ்க்காக இரண்டை மாட்டிக்கொண்டு, வெளிச்சுவரைப் பிடித்தபடி மெல்ல வீட்டைச் சுற்றிவந்து ஜன்னலுக்கு எதிரே நின்றார்.

மகன் பதறி எதிர்ச்சுவர் வரைக்கும் பின்வாங்கினான். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, கிட்டே வராதீர்கள், எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, கவலைப்படாதீர்கள் என்றான். அப்பா தன்மேல் இவ்வளவு உயிராக இருப்பார் என்று அவன் நினைத்ததில்லை.

அப்பா இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"பீரோவுக்கு அடியில ஷூ டப்பா இருக்கும். அதுல சாக்லேட் வச்சிருக்கேன். ரெண்டே ரெண்டு தூக்கிப் போடு. உங்கம்மாவுக்குத் தெரிய வேணாம்."

மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தீந்துபோச்சுப்பா. இந்தச் சளியில நாக்குல ருசியே இல்ல. ஒண்ணுலயாவது தெரியுதான்னு ஒவ்வொண்ணா தின்னு பாத்தேன்."

மாஸ்க்குக்கு மேலே அப்பாவின் கண்கள் கலங்கியிருந்தன.

"ஒண்ணுல கூடவா தெரியல?" என்றார்.