நெய் வாங்கினால் பருப்பு இனாம்

"இன்னைக்காவது கடைக்குப் போவியான்னா கேக்குறீங்க? எங்கண்ணே போறது?"ன்னு ஆணியில தொங்குன கூப்பன், காலியா கெடந்த பருப்பு டப்பாகிட்ட சொல்லுச்சு. "ரெண்டு பாட்டில் நெய் வாங்குனாத்தான் துவரம்பருப்பு இனாம். இந்த வீட்டுல நெய்யை யாரு பாத்தா?"

"அப்புறம் எதுக்குடா வீட்டுக்காரம்மா பூவாத்தா உன்னைய அவ்வளவு பத்திரமா வெட்டி மாட்டுச்சு?"

"வீட்டுக்காரருக்கு போனஸ் வரும்னு நம்புனாங்க. நானும்தான் நம்புனேன்."

"கடைசித் தேதி?"

"இன்னைக்குத்தான்."

டப்பாவுக்குள்ள ஒட்டியிருந்த ஒத்தப் பருப்பு உதிர்ந்து விழுந்துச்சு.

"ஏங்க, அடுப்பு ஆடுது. அந்தக் கூப்பனை எடுங்க!"ன்னு பூவாத்தா கத்துனா.

"கூப்புடுறாங்க, வரேண்ணே"ன்னு கூப்பன் எறங்கிப் போச்சு. நாலா மடிஞ்சு அடுப்புக்காலுக்கு அடியில படுத்துக்கிச்சு. அதுக்கப்புறம் அடுப்பு ஆடல. பருப்பில்லாத ரசம் நிம்மதியா கொதிச்சுது.