அந்த ஒரு பிழை

"நம்ம புது ரத்தச் சோதனை காசநோயைச் சரியா கண்டுபிடிக்குதா?" என்று போனில் கேட்டார் டாக்டர் இவாஞ்சலின்.

"ஒரே ஒரு தப்பு, மேடம்," என்றார் புள்ளியியலாளர் செந்தில்குமார். "ஆம்பூர் ஷூ கம்பெனியில ரத்தம் எடுத்தோமே, அதுல நல்லா இருந்த ஒருத்தருக்கு நோய் இருக்குன்னுச்சு. பழைய சோதனை இல்லன்னுச்சு. அதனால புதுசோட பிழைன்னு எழுதிட்டேன். இப்போ அவருக்கு ஸ்கேன்ல நோய் தெரியுது."

இவாஞ்சலினுக்கு உடல் சிலிர்த்தது. "அப்போ யாருக்கும் தெரியறதுக்கு முந்தியே நம்ம சோதனைக்குத் தெரிஞ்சிருக்கு. அவரை உடனே வரச் சொல்லுங்க. மருந்து ஆரம்பிக்கணும்."

"ஆரம்பிச்சாச்சு, மேடம். குணமாய்டும்னாங்க. அன்னிக்கு ரத்தம் குடுக்க ஓர் ஆள் கம்மியாச்சுன்னு நான்தான் கையை நீட்டினேன்."

"அது நீங்களா?" என்றார் இவாஞ்சலின்.

"பிழைன்னு நானே எழுதினதைப் பார்த்துட்டு உக்காந்திருக்கேன், மேடம்," என்றார் அவர்.