இருபது வருஷ அனுபவம்

"அந்த ஸ்லோ குக்கர் மட்டும் வேண்டாம்," என்றான் கணவன்.

மனைவி போனிலிருந்து தலையைத் தூக்கி, கரப்பான்பூச்சியைப் பார்ப்பது போல அவனைப் பார்த்தாள்.

"வெந்நீர் வைக்கச் சொன்னா பாத்திரத்தைக் கருக்குற ஆளு நீங்க. உங்களுக்கு என்ன தெரியும்?"

"கடைக்குப் போய், கையில தூக்கிப் பார்த்து வாங்கலாமே."

"எதுக்கு? இந்தம்மா கீழே ரிவ்யூ எழுதியிருக்காங்க பாருங்க. இருபது வருஷமா அடுப்படியில நிக்கிறவங்க. காலையில காய்கறியைப் போட்டுட்டு வேலைக்குப் போனா, சாயங்காலம் பூ மாதிரி வெந்திருக்காம். அனுபவம் பேசுது!"

"அதையெல்லாம் நம்பாத."

"பின்னே, உங்களையா நம்பச் சொல்றீங்க?" சொன்ன வேகத்தில் பணத்தையும் கட்டிவிட்டாள்.

 அவன் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான். 'ஏதோ கம்ப்யூட்டர் வேலை' என்று அவள் எல்லோரிடமும் உதட்டைப் பிதுக்கிச் சொல்லும் உத்தியோகம் அங்கேதான் நடக்கிறது.

திரையில் மேலாளரின் செய்தி காத்திருந்தது: 'நீங்க எழுதின இருபது வருஷ அம்மா பிரமாதம். ஸ்லோ குக்கர் பறக்குது. இன்னும் நாலு அம்மா எழுதி அனுப்புங்க.'

பெருமூச்சு விட்டு, தட்டச்சு செய்ய ஆரம்பித்தான்:

'நான் இரண்டு குழந்தைகளுக்குத் தாய். என் கணவருக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது...'